வாடகை வண்டியும் வழிச்செல்வோர் காவலும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் முன்னோர் ஞாயிற்றைக் கொண்டே பெயரிட்டனர். கதிரவன் எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. படுவான்கரையின் பழமையான ஊர்களுள் ஒன்று பழுகாமம். வயலும் வாவியும் சூழ்ந்த இவ்வூரார்க்குப் பயணம் என்பது நெடுங்காலமாக நீரைக் கடப்பதையும் உட்கொண்டிருந்தது. அம்பிளாந்துறை என அயலூரின் பெயரிலே துறை என்னும் சொல் நிலைத்து நிற்பதே அதற்குச் சான்று. தோணியிலும், இப்பகுதியார் 'பாதை' என்று வழங்கும் தட்டையான கடவைப் படகிலும் மனிதரும் நெல்மூட்டையும் கரை மாறினர். கரையேறிய பின் மாட்டுக் கரத்தை. கரத்தை கிடையாதவிடத்து நடை.

'ஆற்றைக் கடக்கும் வரையில் அண்ணன் தம்பி. கடந்த பின் நீ யார், நான் யார்' என்பது தமிழர் பழமொழி. கூலிக்கு ஏற்றிச் செல்பவனுக்கும் ஏறிச் செல்பவனுக்கும் இடையேயுள்ள உறவின் இயல்பை இதைவிடச் சுருக்கமாக உரைத்தல் அரிது. ஆயினும் துறையிலே தோணி வலித்தவனைப் பழுகாமத்தார் அறிவர். அவன் தந்தையை அறிவர். அவன் வீட்டு வாயிலை அறிவர். அவன் தவறிழைத்தால் மறுநாள் கோயில் வீதியிலே நின்று கேட்க இயலும். ஆகவே, அக்காலத்தில் பயணிக்குக் காவலாக நின்றது சட்டமன்று, தெரிந்த முகம்.

ஆனால் முகம் தெரியாத ஒருவனுடைய வண்டியில் ஏறும்போது யாது காவல்? தந்தையை விட்டுத் தனியே பல்கலைக்கழகம் செல்லும் மகளும், நள்ளிரவில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் புறப்படும் தொழிலாளியும், நோயுற்ற தாயைக் கொழும்பு வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லும் மகனும் இன்று எதிர்கொள்ளும் வினா இதுவே. உலகம் இவ்வினாவுக்கு ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகளாக விடை தேடி வந்துள்ளது. அத்தேட்டத்தின் வரலாற்றை அறிந்தவர், வண்டியின் முகப்பிலே பொறித்த இலக்கத்தை வெறும் எழுத்தாகக் காணமாட்டார்.

வாடகை வண்டிக்கு ஒழுங்கு செய்யும் முயற்சி பெருநகரங்களிலேதான் முதலில் தோன்றிற்று. அங்கேதான் அயலார் அயலாரை ஏற்றிச் சென்றனர். 1634ஆம் ஆண்டில் இலண்டன் நகரத்து ஸ்ட்ராண்ட் வீதியில், பெய்லி என்னும் கப்பல் தலைவர் நான்கு குதிரை வண்டிகளை ஓரிடத்தில் நிறுத்தி வைத்தார். வண்டிக்காரர்க்குச் சீருடை அளித்தார். இன்ன இடத்துக்கு இன்ன கூலி என்றும் வரையறுத்தார். இன்று உலகெங்கும் காணப்படும் வாடகை வண்டித் தரிப்பிடத்துக்கு அதுவே முன்னோடி எனலாம். வண்டி நிற்கும் இடம், வண்டிக்காரனின் உடை, கூலி ஆகிய மூன்றும் முன்கூட்டியே தெரிந்திருத்தல் வேண்டும் என்ற கருத்து அந்நான்கு வண்டிகளோடு பிறந்தது.

1654ஆம் ஆண்டில், குரொம்வெல் ஆட்சியிலே, இலண்டனில் வாடகை வண்டி வைத்திருப்போர் 200 பேருக்கு மேற்படலாகாது என்று கட்டளை பிறந்தது. மன்னராட்சி மீண்ட பின்னர், 1662ஆம் ஆண்டுச் சட்டம் 400 வண்டிகளுக்கு அனுமதி வழங்க இடம் தந்தது. ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. இவ்வனுமதிகள் பயணியைக் காக்கும் நோக்கத்தோடு மட்டும் பிறந்தவை அல்ல. வீதியில் நெரிசலைக் குறைத்தலும், அனுமதிக் கட்டணத்தைக் கொண்டு வீதிகளைச் செப்பனிடுதலுமே ஆள்வோரின் முதன்மையான எண்ணம். ஆயினும் வண்டிக்கு அனுமதியும் அடையாளமும் வந்தவுடன், எவரும் எதிர்பாராத ஒரு நன்மையும் உடன் வந்தது. முறையிட விரும்பிய பயணிக்கு, 'இன்ன வண்டி' என்று சுட்டிக்காட்ட ஒரு பிடி கிடைத்தது. பெயர் அறியாதவனும் இனி முற்றிலும் அறியப்படாதவன் அல்லன்.

வண்டிக்கு அடையாளம் இருந்தும், அதை ஓட்டியவன் எவன் என்ற ஐயம் நீங்கவில்லை. உடையவன் ஒருவன், ஓட்டுபவன் வேறொருவன். குற்றம் நேர்ந்தால் ஒருவர் மீது மற்றவர் பழி சுமத்த இயலும். 1838ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் இவ்விடைவெளியை அடைத்தது. ஒவ்வொரு வண்டிக்காரனும் தன் பெயரில் உரிமம் பெறவேண்டும். இலக்கம் பொறித்த உலோக வில்லையொன்றைத் தொழில் புரியும்போது அணியவேண்டும். வண்டியின் இலக்கம் வேறு, ஓட்டுபவனின் இலக்கம் வேறு, இரண்டும் வேண்டும் என்ற கொள்கை அன்று நிலைபெற்றது. 1853ஆம் ஆண்டுச் சட்டமோ மேலும் ஒருபடி சென்று, வண்டியில் பயணி மறந்துவிட்ட பொருளை 24 மணி நேரத்துள் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்கும் கடமையை வண்டிக்காரன் மீது சுமத்தியது. இலண்டன் வீதிகளையெல்லாம் மனப்பாடம் செய்து தேர்வில் தேறினாலன்றி உரிமம் இல்லை என்ற கடுமையான வழக்கமும் 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கி இன்றளவும் நடைபெறுகிறது. வழி அறியாதவன் பயணியை ஏமாற்ற எண்ணாவிடினும் அலைக்கழிப்பான் அன்றோ?

எஞ்சியிருந்தது கூலி பற்றிய சச்சரவு. சென்ற தூரம் எவ்வளவு என்று வண்டிக்காரன் ஒன்று கூற, பயணி வேறொன்று கூறுவான். 1891ஆம் ஆண்டளவில் ஜெர்மனியைச் சேர்ந்த வில்ஹெல்ம் புரூன் என்பவர் தூரத்தை அளந்து கூலியைக் காட்டும் கருவியை உருவாக்கினார். 'டாக்சி' என்னும் சொல்லே கட்டணத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து அக்கருவிக்கு வந்து, கருவியிலிருந்து வண்டிக்குப் பெயர்ந்ததாகும். 1907ஆம் ஆண்டில் இலண்டன் டாக்சிகளில் இக்கருவி கட்டாயமாயிற்று. பயணியும் சாரதியும் ஒரே எண்ணைக் கண்ணால் காணும்போது வாய்ச்சண்டைக்கு இடமில்லை.

இவ்வாறு வண்டியின் இலக்கம், சாரதியின் வில்லை, கூலிக் கருவி என்னும் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவை எவருடைய கற்பனையிலும் ஒரே நாளில் உதித்தவை அல்ல. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு முறைகேட்டுக்குப் பின்னர், அதற்கு விடையாகப் பிறந்தது. தெரிந்த முகம் அளித்த காவலை, முகம் தெரியாத நகரிலே இலக்கத்தைக் கொண்டு மீண்டும் கட்டியெழுப்பிய முயற்சியே டாக்சி அனுமதியின் வரலாறு.

இலங்கைத் தீவுக்கு முதலாவது மோட்டார் வண்டி 1902ஆம் ஆண்டில் வந்தது. அடுத்த கால் நூற்றாண்டுக்குள் மோட்டார்கள் பெருகவே, அவற்றைப் பதிவு செய்தற்கும் சாரதிகளுக்கு அனுமதி வழங்குதற்கும் சட்டங்கள் எழுந்தன. 1928ஆம் ஆண்டில் மட்டக்களப்புக்குப் புகைவண்டியும் வந்து சேர்ந்தது. புகைவண்டி நிலையத்தில் இறங்கிய அயலூரார்க்கு வண்டி தேவைப்பட்டது; வாடகைக் காரும் ஒரு தொழிலாயிற்று. சுதந்திரத்துக்குப் பின் இயற்றப்பட்ட 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம், சொந்தப் பாவனைக்குரிய காரையும் வாடகைக்கு ஓடும் காரையும் இருவேறு வகையாகப் பிரித்தது. பெரிய பஸ் வண்டிகளோ 1958ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கீழ் அரசுடைமையாயின.

அக்காலத்துச் சிற்றூர்களில் வாடகைக் கார் என்பது ஒன்றோ இரண்டோதான். ஒஸ்டின் என்றும் மொரிஸ் மைனர் என்றும் பெயர் பெற்ற அவ்வண்டிகளைத் திருமணத்துக்கும் பிரசவத்துக்கும் தேடிச் சென்று பேசுவர். சாரதியை மாமா என்றோ அண்ணன் என்றோ அழைப்பர். தோணிக்காரனின் இடத்துக்குக் கார்க்காரன் வந்தான், காவலோ மாறவில்லை. சட்டப் புத்தகத்தில் இலக்கம் இருந்தது. ஊராரின் நெஞ்சில் முகமே இருந்தது.

1977ஆம் ஆண்டுக்குப் பின் இறக்குமதி தளர்ந்தபோது முச்சக்கர வண்டி நாட்டில் பெருகத் தொடங்கிற்று. ஆயினும் படுவான்கரையின் கதை வேறு. 1980களிலிருந்து நெடுங்காலம் நீடித்த போர், வாவியின் இரு கரைகளையும் இருவேறு நாடுகள் போல் பிரித்து வைத்தது. 2007ஆம் ஆண்டு வரை சோதனைச் சாவடிகளைக் கடப்பதே பயணத்தின் பெரும் பகுதியாயிருந்தது. பின்னர் வீதிகள் செப்பமுற்றன. 2014ஆம் ஆண்டில் மண்முனைத் துறையிலே பாலம் திறக்கப்பட்டது. இன்று பழுகாமத்தார் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து விரைவில் களுவாஞ்சிகுடியை அடைகின்றனர்; அங்கிருந்து கொழும்புக்கும் கண்டிக்கும் செல்கின்றனர். ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம் அடைபட்டிருந்த ஊர், திடீரென்று திறந்த உலகத்துக்குள் வந்தது. ஊர் முகங்களை மட்டும் நம்பிப் பழகியோர், முகமறியாச் சாரதிகளின் வண்டிகளில் ஏற நேர்ந்தது. ஆபத்து இவ்விடத்திலேதான் கருக்கொள்கிறது. ஊர்ச் சாரதியை நம்பும் அதே எளிமையோடு, கொழும்புக் கோட்டைப் புகைவண்டி நிலைய வாயிலில் பையைப் பிடித்திழுத்து அழைப்பவனையும் நம்பிவிடுதல் இயல்பே. ஆனால் அது தகாது.

அனுமதி பெற்ற வண்டிக்கும் பெறாத வண்டிக்கும் உள்ள வேறுபாட்டை இலண்டன் நகரமே பெரும் விலை கொடுத்து மீண்டும் கற்க நேர்ந்தது. 1961ஆம் ஆண்டில் அங்கே 'மினிகாப்' எனும் சிறு வாடகைக் கார்கள் வீதிக்கு வந்தன. டாக்சிச் சட்டம் தெருவிலே கைகாட்டி நிறுத்தும் வண்டிகளையே பற்றியது. தொலைபேசியில் முன்கூட்டிப் பேசி அழைக்கும் வண்டியை அது தொடவில்லை. அவ்விடைவெளியில் நுழைந்த மினிகாப்புகள் கட்டணம் குறைத்து மக்களைக் கவர்ந்தன. அவற்றுள் நேர்மையானவை பல. எனினும் சாரதியின் பின்னணியை ஆராய்வாரில்லை. வண்டியின் தகுதியைச் சோதிப்பாரில்லை. இரவில் தனியே சென்ற பெண்கள் பலர் தாக்குதலுக்கு ஆளாயினர். 1998ஆம் ஆண்டில்தான் இலண்டனின் தனியார் வாடகைக் கார்களுக்கும் அனுமதி வேண்டும் என்று சட்டம் இயற்றப்பட்டது. முதலாவது மினிகாப்புக்கும் அச்சட்டத்துக்கும் இடையே 37 ஆண்டுகள். அச்சட்டப்படி, தனியார் வாடகைக் காரை முன்பதிவு செய்தே அமர்த்தலாம்; தெருவில் நின்று ஆள் பிடித்தல் குற்றம். முன்பதிவு என்பது வெறும் வசதியன்று. எவர், எப்போது, எவ்வண்டியில், எங்கே சென்றார் என்பதற்கு எழுத்து வடிவான சாட்சியம் அதுவே.

இக்காலத்தில் கைத்தொலைபேசி அம்முன்பதிவை உள்ளங்கைக்குக் கொணர்ந்துள்ளது. இலங்கையில் பிக்மீ, ஊபர் ஆகிய சேவைகள் 2015ஆம் ஆண்டு தொடங்கி நடைபெறுகின்றன. சாரதியின் பெயர், படம், வண்டி இலக்கம், கட்டணம் ஆகிய அனைத்தும் ஏறுமுன்னரே திரையில் தோன்றுகின்றன. 1634இலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்ந்த காவல்கள் யாவும் ஒரே திரையில் கூடி நிற்பது போலத் தோன்றும். ஆயினும் இரு நிகழ்ச்சிகள் எச்சரிக்கின்றன. 2014ஆம் ஆண்டு டிசம்பரில் டில்லியில் இவ்வாறு அழைத்த காரில் ஒரு பெண் வன்கொடுமைக்கு ஆளானார். அச்சாரதி முன்னரும் குற்றவழக்குகளில் சிக்கியவன் என்பது பின்னரே வெளிப்பட்டது. 2015இல் அவனுக்கு ஆயுட்சிறை விதிக்கப்பட்டது. மற்றொன்று, 2019ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்தது. உரிமம் பெற்ற சாரதிகளின் கணக்கிலே வேறு ஆள்கள் தம் படத்தைப் பதிந்து வண்டி ஓட்டியிருந்தனர். குறைந்தது 14,000 பயணங்கள் இவ்வாறு நடந்தன என்று போக்குவரத்து அதிகாரிகள் கண்டறிந்தனர். முதலாவதில் நிறுவனத்தின் ஆராய்ச்சி பொய்த்தது. இரண்டாவதில் திரையே பொய் சொன்னது. ஆகவே, எக்கருவி வந்தபோதிலும் கடைசிக் காவல் பயணியின் கண்ணே.

அக்கண் காணவேண்டியவை யாவை? வண்டியின் பின்புற இலக்கத் தகட்டை ஏறுமுன் பார்த்து, வீட்டாருக்கு உடனே அறிவித்தல் முதலாவது. இது சாரதி மீது ஐயம் கொள்வதாகாது. தோணி புறப்படும்போது கரையில் நிற்பவர் பார்த்திருப்பது போன்றதே. முன்பதிவு செய்த வண்டியாயின், 'தம்பி, யாரை ஏற்ற வந்தீர்கள்?' என்று பயணியே முந்திக் கேட்டல் வேண்டும். தம் பெயரைத் தாமே கூறிவிட்டால், வந்தவன் எவனாயினும் ஆம் என்று தலையசைப்பான். படமும் முகமும் ஒவ்வாவிடின், சாரதி எக்காரணம் கூறினும் ஏறலாகாது. கட்டணக் கருவி உள்ள வண்டியில் அதை இயக்கச் செய்தலும், இல்லாத வண்டியில் கட்டணத்தை ஏறுமுன் பேசி முடித்தலும் நன்று. இறங்கும் இடத்தில் இருளிலே நின்று பேரம் பேசுவது எப்போதும் தனித்துச் செல்பவர்க்கே தீங்காக முடியும்.

இரண்டாவது, வண்டியின் தகுதி. இந்நாட்டில் ஒவ்வொரு மோட்டார் வண்டிக்கும் ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். அது முகப்புக் கண்ணாடியில் ஒட்டப்பட்டிருக்கும். காலாவதியான திகதி உள்ளதா என்று காண ஒரு நொடி போதும். காப்புறுதி பற்றிய உண்மையோ பலர் அறியாதது. சொந்தப் பாவனைக்கென்று காப்புறுதி செய்த காரைக் கூலிக்கு ஓட்டும்போது விபத்து நேர்ந்தால், நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. உறவினரின் நண்பர் காரைக் குறைந்த வாடகைக்குப் பேசியவர், மிச்சப்படுத்திய சில நூறு ரூபாவுக்காக எதைப் பணயம் வைத்தார் என்பதை அன்றுதான் உணர்வார்.

மூன்றாவது, சாரதியின் களைப்பு. வாடகை வண்டி என்றவுடன் கள்வனையும் கயவனையும் எண்ணி அஞ்சுவோர், உறக்கத்தை எண்ணுவதில்லை. இலங்கை வீதிகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் விபத்தில் மடிகின்றனர். படுவான்கரையிலிருந்து விமான நிலையத்துக்குச் செல்லும் வான் பெரும்பாலும் இரவிலேயே புறப்படும். பகல் முழுவதும் ஓடிய சாரதி இரவும் ஓட்ட உடன்படுவான். அவனுக்கும் அடுப்பெரிய வேண்டும். வழியனுப்ப வரும் சுற்றத்தார் அனைவரும் இருக்கைக்கு மிஞ்சி ஏறிக்கொள்வர். நெடும்பயணத்துக்குப் பேசும்போது, 'அண்ணன், பகலில் எங்கே ஓடினீர்கள்? எப்போது உறங்கினீர்கள்?' என்று கேட்பதற்கு நாணுதல் வேண்டா. இடையே வண்டியை நிறுத்தித் தேநீர் அருந்தச் செய்தலும், வேண்டுமாயின் சற்று உறங்கவிடுதலும் அன்பும் காவலும் ஆகும். அதற்கேற்ற நேரத்தை முன்னரே ஒதுக்கிப் புறப்படுதல் பயணியின் கடமை.

பிள்ளைகளுக்குக் கற்பிக்கவேண்டியதும் ஒன்றுண்டு. பாடசாலை வாயிலிலே, 'அப்பா அனுப்பினார்' என்று கூறி அழைக்கும் எந்த வண்டியிலும் ஏறலாகாது. பெற்றோர் முன்னரே சொல்லிவைத்த ஆளோடு மட்டுமே செல்லவேண்டும். வளர்ந்தவர்க்கும் இவ்வறிவு பொருந்தும். தனித்துச் செல்லும் பெண்கள் பின்னிருக்கையில் அமர்தலும், வண்டி அறியா வழியில் திரும்பினால் உடனே வீட்டாரோடு உரக்கப் பேசுதலும், வெளிச்சமும் மக்களும் உள்ள கடைவாயிலில் நிறுத்தச் சொல்லி இறங்குதலும் நன்று. பொலிசாரை 119 என்ற இலக்கத்திலும், பெண்களுக்கான உதவியை 1938 என்ற இலக்கத்திலும், சிறுவர் பாதுகாப்புக்கு 1929 என்ற இலக்கத்திலும் அழைக்கலாம். இவை மூன்றும் சமைய லறைச் சுவரிலே நாட்காட்டிக்கு அருகில் எழுதப்பட வேண்டியவை.

இவையெல்லாம் சாரதிகளுக்கு எதிரானவை என்று எண்ணுதல் பிழை. முகமறியாத ஒருவரை நள்ளிரவில் பின்னிருக்கையில் ஏற்றிச் செல்லும் சாரதிக்கும் அச்சம் உண்டு. கொள்ளையர் கையில் உயிரிழந்த சாரதிகள் பல நாட்டிலும் உளர். பதிவும் இலக்கமும் அவனையும் காக்கின்றன. நேர்மையாக உழைக்கும் சாரதி, தன் அனுமதிப்பத்திரத்தைப் பார்க்கும் பயணியை வெறுப்பதில்லை. கள்ள வண்டியினின்றும் தன்னை வேறுபடுத்திக் காட்டுவது அதுவே என்பதை அவன் அறிவான். பயணிக்கும் கடமையுண்டு. பேசிய கூலியைக் குறைக்காது கொடுத்தலும், விரைந்து ஓட்டுமாறு நெருக்காதிருத்தலும், இருக்கைக்கு மேல் ஆள் ஏற்ற வற்புறுத்தாதிருத்தலும் அக்கடமையின் பாற்பட்டன.

இலண்டன் போன்று ஒவ்வொரு டாக்சிச் சாரதிக்கும் தனித்தேர்வும் வில்லையும் கொண்ட முழுமையான ஒழுங்கு இலங்கையில் இன்னும் வேரூன்றவில்லை. அது வரவேண்டும் என்று கேட்பதற்கு மக்களுக்கு உரிமை உண்டு. வரலாற்றை நோக்கினால், காவல் எதுவும் தானே வந்ததில்லை. துன்புற்றோரும் அவர்தம் சுற்றத்தாரும் இடைவிடாது கேட்ட பின்னரே வந்தது. ஆனால் சட்டம் முழுமை பெறும்வரை பயணங்கள் நிற்கப்போவதில்லை. நாளையும் படுவான்கரையிலிருந்து ஒரு மகள் பரீட்சைக்குப் புறப்படுவாள். ஒரு தொழிலாளி கடல் கடந்து செல்வான். முன்னோர் முகத்தை அறிந்து தோணியேறினர். அவர்தம் வழிவந்தோர் இலக்கத்தை அறிந்து வண்டியேறக் கற்றல் வேண்டும். நானூறு ஆண்டு முயற்சியால் உலகம் ஆக்கித்தந்த காவல் அச்சிறிய தகட்டிலே எழுதப்பட்டுள்ளது. ஆனால் படிப்பவரை மட்டுமே அது காக்கும்.